கனகலிங்கத்தின் வயலில் இரண்டு பூச்சிகள்

சுதாகரன் கனகராயன்குளத்தில் மருந்தடிக்கிற ஆள். சொந்தமாக இருப்பது அரை ஏக்கர் மேட்டுக்காணிதான். ஆனால் மழைக்கால நெல் விதைப்பான காலபோகம் தொடங்கிவிட்டால் ஊரில் பாதி வயலுக்கு அவன் முதுகில் தொங்கும் மருந்துத் தாங்கிதான் போய்வர வேண்டும். இருபது வருசமாகச் செய்கிற வேலை. எந்தப் போத்தலுக்கு எத்தனை மூடி, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் நின்று அடிக்க வேண்டும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவான். பூச்சியைப் பற்றித்தான் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வந்ததில்லை. பூச்சி என்றால் சாக வேண்டியது, அவ்வளவுதான்.

அவன் மனைவி ரஜிதா நாற்பத்திரண்டு வயதில் படிக்கப் போனாள்.

மகள் தேனுகாவை நெடுங்கேணியில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த நேரம் பார்த்து, வவுனியாவில் விவசாயிகளுக்குப் பூச்சிகளைப் பற்றி ஆறு மாத வகுப்பு நடக்கப்போகிறது, சனி ஞாயிறு மட்டும், பரீட்சைப் பெறுபேறு ஒன்றும் தேவையில்லை என்று யாரோ சொல்லக் கேட்டாள். தொண்ணூற்றேழில் அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது சண்டை பள்ளிக்கூடத்தை ஒரு பக்கமும் பிள்ளைகளை ஒரு பக்கமும் துரத்திவிட்டது. அதற்குப் பிறகு அவள் கொப்பி தொட்டதில்லை. இப்போது ஒரு நாற்பது தாள் கொப்பியும் இரண்டு பேனையும் வாங்கிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினாள். சுதாகரன் தடுக்கவில்லை. இரண்டு கிழமையில் அலுத்துப்போய் நின்றுவிடுவாள் என்று நினைத்தான்.

நிற்கவில்லை. மூன்றாவது கிழமை வந்து, "என்னங்க, ஒரு கரப்பொத்தான் புடிச்சுத் தாங்க. உசிரோட வேணும்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"படம் கீற."

குசினி மேசையில் ஒரு போத்தலுக்குள் கரப்பொத்தானை விட்டு, அது செத்த பிறகு வெள்ளைத் தாளில் மல்லாத்தி வைத்து, ஊசியால் ஒவ்வொரு காலாகப் பிரித்துப் பார்த்தாள். சுதாகரன் பக்கத்தில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இஞ்ச பாருங்க. தலை, நெஞ்சறை, வயிறு. எந்தப் பூச்சியும் மூணு துண்டுதான். ஆறு காலும் நெஞ்சறையிலதான் இருக்கும். செட்டையும் அங்கதான். வயித்துல காலே கிடையாது."

"நான் சாப்பிடுறன் ரஜிதா."

"சாப்பிடுங்க. நான் உங்கள சாப்பிட வேணாம்னா சொன்னன்?"

வெளியே ஊராரோடு 'வாங்கோ, போங்கோ' என்று பேசினாலும் வீட்டுக்குள் 'வாங்க, போங்க' என்கிற பேச்சுத்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த அவர்களுடைய தாய் தகப்பன்மாரின் பேச்சு அடுப்படியில் மட்டும் மிச்சமிருந்தது.

இன்னொரு நாள் அவள் கொப்பியைப் பார்த்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று உயிர்களை வகை பிரிக்கும் படிகள். சுதாகரன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன, பூச்சியிலயும் சாதி பாக்கிறாங்களா?"

ரஜிதா சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இது வேற சாதிங்க. கால எண்ணி, செட்டையப் பாத்து, வாயப் பாத்துச் சொல்றது. யாரு பெத்ததுன்னு கேட்டுச் சொல்றதில்ல."

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் முடிந்து, சட்டம் போட்ட ஒரு சான்றிதழும், சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் சுண்டுவிரல் அளவு கைவில்லை ஒன்றும் அவளிடம் வந்து சேர்ந்தன. கைவில்லையை ஒரு கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவளோடு வயலுக்குப் போவது கரைச்சலாகிவிட்டது. சுதாகரன் மருந்தடிக்க அவள் வாய்க்காலில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பாள். அது வழமையான வேலை. இப்போது தண்ணீருக்குப் போனவள் வரம்பில் குந்தி எதையாவது பார்த்துக்கொண்டிருந்தாள். தும்பியின் கண் ஒன்று அல்ல, ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள் சேர்ந்த கூட்டுக்கண் என்றாள். ஈக்கு இரண்டே செட்டைதான், குளவிக்கு நாலு என்றாள். "அப்ப எனக்கு எத்தனை செட்டை?" என்று சுதாகரன் வெறும் வாளியைக் காட்டிக் கேட்டால்தான் எழும்புவாள்.

தை மாதம் பிறந்து ஒரு கிழமை. நெல் குடலைப் பருவம், கதிர் தண்டுக்குள் திரளும் நேரம். வயல்களில் அறக்கொட்டி விழுந்துவிட்டதாக ஊரெல்லாம் கதை. அறக்கொட்டி என்பது அரிசி மணி அளவுகூட இல்லாத கபில நிறத் தத்தி. பயிரின் அடித்தண்டில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். விட்டால் வயல் வட்டம் வட்டமாகக் கருகி, நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிடும். கனகலிங்கம் சுதாகரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கனகலிங்கத்துக்கு எழுபது வயது. தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்த குடும்பம். ஆறு ஏக்கர் வயல். பன்னிரண்டு வருசமாக அவர் வயலுக்குச் சுதாகரன்தான் மருந்தடிக்கிறான். மனுசன் கறார், ஆனால் நேர்மையானவர். அன்று காலை வரம்பில் மருந்துப் போத்தலோடு நின்றார். மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலோடு வந்திருந்தா.

"அடிமரத்தைப் பார் சுதாகரன். குவிஞ்சு கிடக்கு. இண்டைக்கே அடிச்சு முடி" என்றார் கனகலிங்கம்.

சுதாகரன் தாங்கியை இறக்கி வைத்துப் போத்தல் மூடியைத் திருகினான். ரஜிதா தண்ணீருக்குப் போகவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கி, ஒரு பிடிப் பயிரை விலக்கிக் கைவில்லையைக் கண்ணில் வைத்தாள். வைத்தவள் நிமிரவில்லை.

"ரஜிதா, தண்ணி" என்றான்.

"கொஞ்சம் நில்லுங்க. அடிக்க வேணாம்."

அவனுக்கு முகம் சூடாகியது. கனகலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "பேசாம வா" என்று பல்லுக்குள் சொன்னான்.

அவள் வந்தாள். ஆனால் அவனிடம் அல்ல, கனகலிங்கத்திடம். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. இதில இருக்கிறது முழுக்க அறக்கொட்டி இல்லை. ரெண்டு விதமான பூச்சி கிடக்கு. எண்ணிப் பாக்க வேணும்."

"பிள்ளை, நான் ஐம்பது வருசமா வயல் செய்யிறன். எனக்கு அறக்கொட்டி தெரியாதே?"

"தெரியும் ஐயா. எனக்கும் போன வருசம் வரைக்கும் எல்லாம் ஒண்டுதான். இது இருந்தாத்தான் தெரியுது." கைவில்லையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நாகேஸ்வரியிடம் திரும்பி, "அம்மா, வீட்டில வெள்ளைப் பீங்கான் ஒண்டு தருவியளோ?" என்று கேட்டாள்.

நாகேஸ்வரிக்கு இது பொழுதுபோக்காகப் பட்டதோ என்னவோ, மறு பேச்சில்லாமல் போய்ச் சாப்பாட்டுப் பீங்கான் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தா. ரஜிதா அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பயிரின் அடியில் சரித்துப் பிடித்து, தண்டில் நாலு தட்டுத் தட்டினாள். பொல பொலவென்று விழுந்தன. பீங்கானை வரம்பில் வைத்து, வைக்கோல் துரும்பு ஒன்றால் பூச்சிகளை ஒவ்வொன்றாக இரண்டு பக்கமாக ஒதுக்கினாள்.

"அம்மா, நீங்கள் முதல் பாருங்கோ. இது அறக்கொட்டி. கபில நிறம். செட்டை ரெண்டும் கூரை மாதிரிச் சரிஞ்சு நிக்குது. உணர்கொம்பு கண்ணுக்குக் கீழ, இருக்கோ இல்லையோ எண்டு கட்டையா."

நாகேஸ்வரி கைவில்லையில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணை இறுக்கிக்கொண்டா. "ஓமடி. கூரை மாதிரித்தான்."

"இப்ப இந்தப் பக்கம். பச்சையும் கறுப்பும். செட்டை முதுகில சப்பையாப் படிஞ்சு கிடக்கு. உணர்கொம்பு நீளம். தெரியுதோ?"

"ஐயோ, மீசை மாதிரி!" என்று கத்திவிட்டா. "இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ. இது வேற ஆள்."

கனகலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறி, கழற்றி, குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சரி, வேறதான். அதுக்கு என்ன இப்ப? ரெண்டையும் கொல்லுவம்" என்றார்.

"அது அறக்கொட்டியின்ர முட்டையையும் குஞ்சையும் குத்திக் குடிக்கிற மூட்டுப்பூச்சி, ஐயா. அறக்கொட்டிக்கும் அதுக்கும் ஒரே வருணம், ரெண்டுக்கும் ஊசி வாய். ஒண்டு பயிரைக் குத்துது, மற்றது குத்துறவனைக் குத்துது. இதில அறக்கொட்டி பதினொண்டு. அது பதினாலு. சிலந்தி மூண்டு. மருந்தடிச்சா இந்தப் பதினேழும் முதல் சாகும். அறக்கொட்டியின்ர முட்டை தண்டுக்குள்ள இருக்கு, அதுக்கு மருந்து எட்டாது. பத்து நாளில பொரிச்சு வரேக்க தின்ன ஆள் இருக்காது."

அவள் இவ்வளவு நீளமாக ஒரு வெளி மனுசரோடு பேசி சுதாகரன் கேட்டதில்லை.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"தண்ணியை வடிய விடுங்கோ. அடிமரம் காய வேணும். யூரியா போடாதேங்கோ. அஞ்சு நாள் தாங்கோ. நான் ஒவ்வொரு நாளும் வந்து பத்து இடத்தில எண்ணுறன். கூடினா நானே தண்ணி அள்ளித் தாறன், இவர் அடிப்பார்."

பக்கத்து வயல் பொன்னையா வரம்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கனகலிங்கம் அண்ணை, வயலைப் பூச்சிக்குச் சமைச்சுக் குடுக்கப் போறியளோ? சுதாகரன், நீ நாளைக்கு என்ரை வயலுக்கு வா" என்று சொல்லிச் சிரித்தார்.

கனகலிங்கத்துக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை என்று சுதாகரன் நினைத்தான். சுதாகரனின் கையிலிருந்த போத்தலை வாங்கி மூடியை இறுக்கி, "அஞ்சு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனுசன் வாய்க்காலை வெட்டப் போனார்.

மறுநாள் சுதாகரன் பொன்னையாவின் வயலுக்கு மருந்தடித்தான். வேலை வேலைதான். ரஜிதா அதற்கும் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். கேட்டவருக்குத்தான் சொல்ல முடியும் என்றாள்.

கனகலிங்கத்தின் வயலில் இரண்டாம் நாள் கணக்கு அப்படியே நின்றது. மூன்றாம் நாள் ஏறியது. பத்து இடத்திலும் எண்ணி முடித்தபோது அறக்கொட்டிதான் அதிகம். தண்ணீர் வற்றிய சேற்றில் வெள்ளை வெள்ளையாகத் தவிடு மாதிரிக் கிடந்தது. அது என்ன என்று சுதாகரன் கேட்டான்.

"அணங்கு கழற்றின சட்டை" என்றாள். அறக்கொட்டியின் குஞ்சுப் பருவத்துக்கு அணங்கு என்று பெயர். வளர வளரத் தோலைக் கழற்றும். "நெறைய வளருதுங்க." குரல் இறங்கிப் போயிருந்தது. வரம்பில் இருந்து கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பெரிய வாய் வச்சிட்டனோ?" என்றாள். "ஆறு மாசம் படிச்சிட்டு, ஆறு ஏக்கருக்குத் தீர்ப்புச் சொல்லிட்டன்."

சுதாகரனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவள் கழுத்திலிருந்த நூலைக் கழற்றிக் கைவில்லையை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினான். எதைத் தேடுகிறோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு பயிரை விலக்கினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டப் பிடித்தான், எட்டப் பிடித்தான். திடீரென்று எல்லாம் தெளிந்து நின்றது. தண்டு தென்னை மரம் போலத் தடித்திருந்தது. அதில் பச்சை மூட்டுப்பூச்சி ஒன்று தலையைத் தாழ்த்தி நின்றது. நீண்ட உணர்கொம்பு இரண்டும் தண்டைத் தட்டித் தட்டித் தடவின. ஓர் இடத்தில் நின்றது. கீழே மடித்து வைத்திருந்த ஊசி வாயை நிமிர்த்தி மெல்ல இறக்கியது. பக்கத்திலேயே ஒரு வெள்ளை அணங்கு, ஏற்கெனவே குடித்துவிட்ட வெறும் கூடாகத் தொங்கியது. அங்காலே இன்னொன்று, அதுவும் வெறும் கூடு.

இருபது வருசம் இந்த வயலுக்குள் நடந்திருக்கிறான். இவ்வளவு நடக்கிற இடம் என்று தெரியாமல் நடந்திருக்கிறான்.

"ரஜிதா!" என்று கத்தினான். "குடிக்குது! இஞ்ச வா, குடிக்குது! உன்ட ஆள் வேல செய்றான்!"

அவள் ஓடிவந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் பயிர் பயிராக விலக்கிப் பார்த்தார்கள். சேற்றில் கிடந்தவற்றில் பாதி கழற்றிய சட்டை இல்லை, குடித்து எறிந்த கூடு. பச்சை மூட்டுப்பூச்சியின் சின்னக் குஞ்சுகளும் தண்டெல்லாம் ஏறித் திரிந்தன. பீங்கானில் தட்டியபோது அவற்றை அவள் தவற விட்டிருந்தாள். அவள் மறுபடி பத்து இடத்திலும் முதலிலிருந்து எண்ணினாள். வெயில் ஏறிவிட்டது. சுதாகரன் பக்கத்தில் நின்று கணக்கைக் கொப்பியில் எழுதினான், எழுத்து கோணல்தான்.

ஐந்தாம் நாள் அறக்கொட்டி பாதியாகக் குறைந்தது. கனகலிங்கம் கொப்பியைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். வீட்டுக்குள் போய், ஒரு சொட்டும் குறையாத அந்த மருந்துப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எட்டாம் நாள் எண்ணுவதற்கே தேட வேண்டியிருந்தது.

மூன்றாம் கிழமை பொன்னையாவின் வயல் நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்குக் கருகியது. அவர் மறுபடி ஆள் அனுப்பியபோது சுதாகரன் தாங்கியோடு போகவில்லை, ரஜிதாவோடு போனான். பொன்னையா சிரிக்கவில்லை. "வா பிள்ளை, என்ன செய்யலாம் எண்டு பார்" என்றார். தண்ணீரை வடித்து, கருகிய இடத்தைச் சுற்றி மட்டும் மருந்தடிக்கச் சொல்லி, மிச்சத்தை விட்டுப் பார்த்தாள். அந்த வட்டம் அதற்கு மேல் பெரிதாகவில்லை.

மாசி மாதம் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியர் சுகந்தினி வந்திருந்தா. முப்பது பேருக்கு மேல் கதிரைகளில் இருந்தார்கள். கனகலிங்கம் எழும்பி, "என்ரை வயலைக் காப்பாற்றினது இந்தப் பிள்ளை. அவவே சொல்லட்டும்" என்று ரஜிதாவைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். கதவடியில் நின்ற சுதாகரன் நிலையைப் பிடித்துக்கொண்டான். ரஜிதா முன்னால் போனாள். பீங்கான், துரும்பு, கூரை மாதிரிச் செட்டை, சப்பைச் செட்டை என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். முதலில் குரல் கேட்கவில்லை. பின்வரிசை "சத்தமா" என்றதும் சத்தமாகச் சொன்னாள்.

முடிந்ததும் சின்னராசா என்பவர் எழும்பினார். பகிடிக்கதைக்குப் பேர்போன மனுசன். மடியிலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்தார். "நான் வரேக்க மாமரத்தில பிடிச்ச முசுறு. முசுறு எந்த வருணம், என்ன குடும்பம் எண்டு சொல்லு பாப்பம் பிள்ளை. படிச்சனி எல்லோ."

சிலர் சிரித்தார்கள். முசுறு என்றால் மாமரத்தில் இலையைச் சுருட்டிக் கூடுகட்டும் சிவப்பு எறும்பு. கடி வாங்காத ஆள் வன்னியில் இல்லை. ரஜிதா பெட்டியைக் கொஞ்சமாகத் திறந்து கைவில்லையை வைத்தாள். மறுபடி பார்த்தாள். பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். 'எறும்புதானே, சொல்லிவிடு' என்று சுதாகரன் மனதுக்குள் கெஞ்சினான்.

"ஐயா," என்றாள் ரஜிதா, "வருணம் பாக்கிறதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும். இது முசுறு இல்லை. இது பூச்சியே இல்லை."

சபை கலகலத்தது. "முசுறு பூச்சி இல்லையாம்!" என்றார் சின்னராசா கையை விரித்து.

"கால எண்ணுங்கோ. எட்டு. முன் காலிரண்டையும் மேல தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டி ஏமாத்துது. உணர்கொம்பு எண்டு ஒண்டு இதுக்கு இல்லவே இல்லை. உடம்பும் மூண்டு துண்டு இல்லை, ரெண்டுதான். முன் துண்டை இடுக்கி வச்சு மூண்டு மாதிரிக் காட்டுது. இது சிலந்தி ஐயா. முசுறு கடிக்கும் எண்டு குருவியும் கிட்ட வராது. அந்தப் பயத்தில ஒளிச்சு வாழுது."

சுகந்தினி எழும்பி வந்து கைவில்லையை வாங்கிப் பார்த்தா. எண்ணுவது உதட்டில் தெரிந்தது. நிமிர்ந்து, "எட்டு" என்றா. "புத்தகத்தில படம் பாத்திருக்கிறன். நேர இண்டைக்குத்தான் பாக்கிறன். எனக்குத் தந்திருந்தா நானும் முசுறு எண்டுதான் சொல்லியிருப்பன்."

நெருப்புப்பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. கனகலிங்கம் எண்ணினார், பொன்னையா எண்ணினார். கடைசியாகச் சின்னராசாவிடம் வந்தபோது மனுசன் இரண்டு தரம் எண்ணிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "அறுபது வருசமா இது என்னை ஏய்ச்சிருக்கு" என்றார். அதற்குத்தான் கூரை அதிரச் சிரித்தார்கள். சுதாகரன் சிரிக்கவில்லை. யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்கிற மாதிரி நின்றான்.

அடுத்த காலபோகத்தில் கமக்காரர் அமைப்பு ரஜிதாவை வயல் பார்க்கும் ஆளாக நியமித்தது. செவ்வாயும் வெள்ளியும் அவள் வயல்களுக்குப் போய் எண்ணிச் சொன்ன பிறகுதான் மருந்துப் பேச்சே எழும். சுதாகரனுக்கு வேலை குறையுமோ என்று பயம் இருந்தது. குறையவும் செய்தது. ஆனால் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள்; மிச்ச நாட்களில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், கொப்பியும் பேனையுமாகப் பக்கத்தில் நின்றான். அணங்குக்கும் வளர்ந்ததுக்கும் வித்தியாசம் இப்போது அவனுக்கே தெரியும். எழுத்தும் கொஞ்சம் நேராகிவிட்டது.

கதை நெடுங்கேணி வரைக்கும் போயிருந்தது. மகளைப் பார்க்கப் போன ஒரு நாள், காட்டோரத்து வயல்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து ரஜிதாவை அழைத்துப் போனார். அவள் இறங்கிப் பயிரை விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள். வரம்பில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கொப்பியோடு நின்ற சுதாகரனை வயல்காரர் அரசாங்க உத்தியோகத்தரைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் கமநல சேவையோ? கந்தோரால வந்தனீங்களோ?"

"இல்லை," என்றான் சுதாகரன். அடுத்த வரம்பில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "நான் இவவின்ர மனுசன்."